கால்டெக்கின் கால்சிட்: ஒரு ஏரோஸ்பேஸ் பள்ளியில் என்னதான் ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரோஸ்பேஸ், அதாவது விமான-விண்வெளிப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "பைலட் ஆகப் போறியா?" அடுத்தது, "இஸ்ரோவுல வேலை கிடைக்குமா?" இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு, அங்கே நடந்ததையும் நடப்பதையும் சொல்கிறேன்.

கால்சிட் என்பது என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பசடீனா நகரில் உள்ள கால்டெக் கல்வி நிறுவனத்தின் ஏரோஸ்பேஸ் ஆய்வகத்துக்குத்தான் கால்சிட் என்று பெயர். விமானவியலை வளர்ப்பதற்காக டேனியல் குகன்ஹைம் குடும்பம் தொடங்கிய நிதியம், 1926இல் கொடுத்த பணத்தில் உருவானது. எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட், மிச்சிகன், ஜார்ஜியா டெக் ஆகியவையும் அதே நிதியத்தின் உதவியைப் பெற்றவைதான்.

கால்சிட்டின் குணத்தைத் தீர்மானித்தவர் தியோடர் வான் கார்மான். புடாபெஸ்டில் பிறந்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கனில், பாய்மவியலின் (காற்று, நீர் போன்றவை பாய்வதைப் பற்றிய அறிவியலின்) பெரிய ஆசான் லுட்விக் பிராண்டலிடம் ஆய்வு செய்தவர். 1930இல் ஆகன் நகரை விட்டு பசடீனாவுக்கு வந்து இயக்குநர் பொறுப்பை ஏற்றார். எந்தப் பொறியியல் சிக்கல் வந்தாலும் அதன் அடியில் இருக்கும் கணக்கைத் தேடுவது அவர் வழக்கம். விமானம், பாலம், ராக்கெட் என்றெல்லாம் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் அந்தப் பள்ளியை விட்டு இன்றும் போகவில்லை.

விமானத்துக்கு என்ன செய்தார்கள்? அதுதானே முக்கிய வேலை?

ஆரம்பத்தில் அதுதான். பத்து அடி விட்டமுள்ள ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டினார்கள்; மாதிரியை நிறுத்திவைத்து அதன்மேல் வேகமாகக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் கூடம் அது. சுற்றுவட்டாரத்தில் இருந்த டக்ளஸ், நார்த்ராப், லாக்ஹீட் நிறுவனங்கள் தங்கள் விமான மாதிரிகளை அங்கே கொண்டுவந்து சோதித்தன.

ஒரு சிறு உதாரணம். 1930களின் தொடக்கத்தில் இறக்கையை உடற்பகுதியின் கீழ்ப்புறத்தில் பொருத்தும் புதுவகை விமானங்கள் வந்தன. அவற்றில் வால் படபடவென்று அதிர்ந்தது. இறக்கையும் உருண்டையான உடற்பகுதியும் சேரும் மூலையில் காற்று ஒட்டி ஓட முடியாமல் பிரிந்து, சுழன்று, பின்னால் போய் வாலில் அடிப்பதுதான் காரணம் என்று சுரங்கச் சோதனையில் தெரிந்தது. அந்த மூலையை வழவழப்பான வளைவாக நிரப்பியதும் அதிர்வு அடங்கிவிட்டது. டக்ளஸின் டிசி-1இலும், 1935 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த டிசி-3இலும் அந்த வளைவு உண்டு. அடுத்த முறை விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கை கிடைத்தால் கீழே எட்டிப் பாருங்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அந்த வளைவு இன்றைக்கும் இருக்கும்.

ராக்கெட் ஆராய்ச்சி எப்படி வந்தது?

1936இல் ராக்கெட் என்றால் மதிப்புள்ள பேராசிரியர்கள் சிரிப்பார்கள். அது கதைப் புத்தகச் சமாச்சாரம். கார்மானின் ஆராய்ச்சி மாணவர் ஃபிராங்க் மலினா அதைத் தன் ஆய்வாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கூட வந்த இருவர் கால்டெக் மாணவர்களே இல்லை. ஜாக் பார்சன்ஸ் பட்டம் வாங்காதவர், வெடிமருந்து வேதியியலைத் தானாகக் கற்றவர். எட் ஃபோர்மன் கைதேர்ந்த மெக்கானிக். கார்மான் மூவரையும் உள்ளே விட்டார். எனக்குத் தெரிந்து ஒரு பள்ளித் தலைவர் எடுத்த மிகத் துணிச்சலான முடிவுகளில் அது ஒன்று.

அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, பசடீனாவை ஒட்டிய ஆரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றுப்படுகையில் முதல் சோதனை. மெத்தனால் எரிபொருள், அதை எரிக்க ஆக்சிஜன். கடைசி முயற்சியில் ஆக்சிஜன் குழாய் தீப்பற்றி, கழன்று, தரையில் துள்ள ஆரம்பித்தது. எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். பிறகு வளாகத்துக்குள் நடந்த ஒரு சோதனை பிசகி, அமிலப் புகை பரவி, கட்டடத்திலிருந்த கருவிகள் மேல் துரு படிந்தது. 'தற்கொலைப் படை' என்று வளாகத்தில் பெயர் வாங்கினார்கள். சோதனைகளும் வெளியே போயின.

ஆனால் ஓடி ஒளிந்ததோடு கதை முடியவில்லை. திட எரிபொருள் ராக்கெட் நீண்ட நேரம் எரிந்தால் கட்டாயம் வெடித்துவிடும் என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். கார்மான் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தார், மலினா அவற்றைத் தீர்த்தார். சரியான வடிவமைப்பு இருந்தால் நிதானமாக எரியும் என்று விடை வந்தது. 1941 ஆகஸ்டில் எர்கூப் என்ற சிறு விமானத்தில் ராக்கெட்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஓடுபாதையில் ஓடவேண்டிய தூரம் வெகுவாகக் குறைந்தது. 1942இல் பார்சன்ஸ், பொட்டாசியம் பெர்குளோரேட்டை உருக்கிய தாரில் கலந்து அச்சில் ஊற்றும் எரிபொருளைக் கண்டுபிடித்தார். ஆம், ரோடு போடும் அதே தார். எரியூட்டும் உப்பையும் எரியும் பிசினையும் கலந்து வார்க்கும் அந்த முறையின் வழித்தோன்றல்தான் இன்று பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் எரிகிற திட எரிபொருளும். தாருக்குப் பதில் இப்போது செயற்கை ரப்பர்.

அந்தச் சிறு குழுதான் வளர்ந்து ஜெட் உந்து ஆய்வகம், அதாவது ஜேபிஎல் ஆனது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1ஐ 1958 ஜனவரியில் கட்டிக் கொடுத்தது ஜேபிஎல். அதே ஆண்டு இறுதியில் நாசாவின் கீழ் வந்தது. நாசாவுக்காக அதை நிர்வகிப்பது இன்றும் கால்டெக்தான்.

பாலம் இடிந்ததற்கும் விமானப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

1940 நவம்பர் 7ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நேரோஸ் தொங்குபாலம், மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்தது. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதைவிடப் பல மடங்கு பலமான காற்றின் தள்ளுவிசையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய பாலம் அது.

விசாரணைக் குழுவின் மூவரில் கார்மானும் ஒருவர். பாலப் பொறியாளர்கள் காற்றை ஒரே சீராகத் தள்ளும் சுமையாக மட்டுமே பார்த்தார்கள். விமானக்காரர்களுக்கோ இறக்கை காற்றில் படபடத்து முறிவது நன்கு தெரிந்த ஆபத்து. பாலம் லேசாகத் திரும்பினால் காற்றோட்டம் மாறுகிறது. மாறிய காற்றோட்டம் பாலத்தை இன்னும் திருப்புகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்றிடமிருந்தே பாலம் சக்தியை எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடங்களில் இதை வெறும் ஒத்ததிர்வு என்று எழுதிவிடுவது உண்டு. அது போதாத விளக்கம். காற்று தாளம் போட்டு ஆட்டவில்லை, பாலத்தின் ஆட்டமே தன்னைத் தான் வளர்த்துக்கொண்டது.

இன்று எந்த நாட்டில் பெரிய தொங்குபாலம் கட்டினாலும் முதலில் மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

நிலநடுக்கத்தையும் ஆராய்கிறார்களாமே?

ஆமாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

விமானத்தின் உடலில் பல அடுக்குகளை ஒட்டிச் செய்த கூட்டுப் பொருள்கள் உண்டு. ஏதாவது வேகமாக வந்து மோதினால் அடுக்குகளின் ஒட்டில் விரிசல் எவ்வளவு வேகமாக ஓடும்? ஆரிஸ் ரொசாகிஸ் என்ற பேராசிரியரின் குழு இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. திண்மப் பொருளில் இரண்டு வகை அலைகள் ஓடும்: வேகமான அழுத்த அலை, அதைவிட மெதுவான சறுக்கு அலை. விரிசல் இந்தச் சறுக்கு அலையை முந்தாது என்பதே பொதுவான எண்ணம். 1999இல் வெளிவந்த அவர்கள் சோதனையில் முந்தியது.

நிலநடுக்கம் என்பதும் இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று உரசி வழுக்குகிற விரிசல்தான். அப்படியானால் பூமியிலும் இது நடக்குமா? அதே கால்டெக்கில் இருந்த நிலநடுக்க அறிஞர் ஹிரூ கனமோரியோடு சேர்ந்தார்கள். சோதனை அமைப்பு மேசை மேல் அடங்கிவிடும். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சாய்வாக இரண்டாக வெட்டி, வெட்டுமுகங்களை மறுபடி சேர்த்து, மேலும் கீழும் அழுத்துவார்கள். அந்த வெட்டுதான் நிலப்பிளவு. நடுவில் ஒரு சின்னத் துளை, அதற்குள் மெல்லிய கம்பி. மின்சாரத்தைப் பாய்ச்சியதும் கம்பி ஆவியாகி வெடிக்கும், அங்கிருந்து வழுக்கல் தொடங்கும். தகட்டின் வழியே லேசர் ஒளியை அனுப்பினால், அழுத்தம் மாறும் இடமெல்லாம் கறுப்பும் வெளுப்புமான வரிகளாகத் தெரியும். அதை நொடிக்குப் பல லட்சம் படம் எடுக்கும் கேமராவில் பிடிப்பார்கள். 2004இல் வந்த அந்தப் படங்களில், வழுக்கல் முனையிலிருந்து இரண்டு சாய்கோடுகள் பின்னோக்கி விரிவதைப் பார்க்கலாம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் ஜெட் விமானத்தின் மூக்கிலிருந்து விரியுமே, அதே கூம்பு.

1999இல் துருக்கியின் இஸ்மித், 2001இல் திபெத்தின் குன்லுன், 2002இல் அலாஸ்காவின் டெனாலி நிலநடுக்கங்களில் இந்த அதிவேக வழுக்கலுக்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கூம்பு கடந்து போகும் இடங்களில், பிளவிலிருந்து தள்ளி இருக்கும் கட்டடங்களுக்கும் அதிக அடி விழும். ஊர் கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். விமானத்தின் ஒட்டு அடுக்கில் தொடங்கிய கேள்வி அங்கே போய் நிற்கிறது.

சரி, ஆனால் இதையெல்லாம் ஏரோஸ்பேஸ் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். விமானத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பாய்வது எப்படிப் பாய்கிறது, திடமானது எப்படி வளைந்து உடைகிறது, எரிவது எப்படி எரிகிறது. இந்த மூன்றும் வானத்தில் மட்டும் நடப்பவை அல்ல. கால்சிட்டில் முதலாண்டு முதுகலை மாணவருக்குப் பாய்மவியல், திண்ம இயக்கவியல், கணிதம் ஆகியவற்றை ஆழமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறார்கள். குறிப்பிட்ட ஒரு விமான மாடலைச் சொல்லிக்கொடுத்தால் இருபது வருடத்தில் அது பழசாகிவிடும். அடிப்படையைப் பிடித்துக்கொண்டவருக்கு அந்தக் கவலை இல்லை.

மருத்துவத்தில் ஏதாவது?

மோரி காரிப் என்பவரின் குழு செய்ததைச் சொல்கிறேன். ஒரு குழாயில் இருக்கும் நீரை பிஸ்டனால் தள்ளினால், வாயிலிருந்து வளையமாக ஒரு சுழல் கிளம்பும். அதிகம் தள்ளத் தள்ள வளையம் பெரிதாகும். ஆனால் ஓர் எல்லை உண்டு. தள்ளும் நீளம் குழாயின் விட்டத்தைப் போல் சுமார் 4 மடங்கை எட்டியதும் வளையம் இனி ஏற்றுக்கொள்ளாது, துண்டித்துக்கொண்டு போய்விடும். மிச்ச நீர் வெறும் தாரையாகப் பின்னால் இழுபடும். 1998இல் வெளியிட்டார்கள்.

இதயத்தின் இடது கீழறைக்குள் வால்வு வழியாக ரத்தம் இறங்கும்போதும் இப்படி ஒரு சுழல் வளையம் உருவாகிறது. 2006இல் அதே கணக்கை மனித இதயத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமான இதயங்களில் அந்த எண் 3.3க்கும் 5.5க்கும் நடுவே வந்தது. இதயம் பெருத்துப் பலவீனமான நோயாளிகளிடம் குறைந்திருந்தது. ஸ்கேன் படத்திலிருந்தே கணக்கிடக்கூடிய எண் இது.

காரிப்பின் மாணவர் ஜான் டபிரி அதே சுழலை ஜெல்லி மீனில் தேடினார். ஜெல்லி மீன் சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையத்தை விடுகிறது. 2020இல் அவரும் நிக்கோல் சூவும் உயிருள்ள ஜெல்லி மீனில் ஒரு சிறு மின் கருவியைப் பொருத்தி, துடிப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். வழக்கத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக நீந்தியது. உணரிகளைக் கட்டி ஆழ்கடலுக்கு அனுப்பும் எண்ணம். மீன் கூட்டம் நீந்தும் ஒழுங்கைப் பார்த்து, செங்குத்து அச்சில் சுழலும் காற்றாலைகளை நெருக்கமாக நிறுத்தி, ஒரே நிலத்தில் கூடுதல் மின்சாரம் எடுக்கும் முயற்சியும் அவருடையதுதான்.

விபத்து விசாரணைகளில் உதவியது உண்டா?

1996 ஜூலை 17ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் கடலுக்கு மேல் வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு எரிபொருள் தொட்டி வெடித்தது தெரிந்தது. ஆனால் விமான எரிபொருள் சீமெண்ணெய் வகை, சாதாரண வெப்பநிலையில் அதன் ஆவி அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது. பிறகு எப்படி?

ஜோசஃப் ஷெப்பர்டின் வெடிப்பியல் ஆய்வகம் இதை எடுத்துக்கொண்டது. கோடை வெயிலில் விமானம் தரையில் நின்றபோது ஏசி எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை இருந்தது அந்தத் தொட்டிக்கு நேர் கீழே. ஏறக்குறைய காலியான தொட்டியில் மிஞ்சியிருந்த எரிபொருள் சூடேறி ஆவியானது. மேலே ஏறியதும் காற்றழுத்தமும் குறைந்தது. வெப்பம் கூடக்கூட, பற்றவைக்கத் தேவையான தீப்பொறியின் அளவு செங்குத்தாகக் குறைகிறது என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். 2008இல் அமெரிக்க விமானத்துறை, இத்தகைய தொட்டிகளில் தீப்பிடிக்கும் ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்று விதி போட்டது. இன்று பெரிய பயணிகள் விமானங்களில் தொட்டிக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்றைச் செலுத்துவது அதன் விளைவு.

இப்போதைய ஆராய்ச்சிகள்?

டிரோன்களுக்காக ஒரு கூடம் 2017இல் திறந்தார்கள். அதில் ஒரு சுவர் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விசிறிகள். ஒவ்வொன்றையும் கணினி தனித்தனியாக இயக்கும். தென்றலும் வரும், சுழற்காற்றும் வரும். சூன்-ஜோ சுங்கின் குழு 2022இல் அங்கேதான் டிரோனுக்குக் காற்றைச் சமாளிக்கப் பழக்கியது. நொடிக்கு 12 மீட்டர் காற்றிலும் தடம் மாறாமல் பறந்தது. செவ்வாயில் 2021 ஏப்ரலில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் முன்னோட்டத்துக்கும், ஜேபிஎல்லின் வெற்றிடக் கூண்டுக்குள் இதே மாதிரி விசிறிச் சுவரைத்தான் வைத்தார்கள். செவ்வாயின் காற்று பூமியின் காற்றில் சுமார் நூறில் ஒரு பங்கு அடர்த்திதான்.

விண்வெளியில் சூரிய மின்சாரம் எடுத்துப் பூமிக்கு அனுப்பும் திட்டமும் உண்டு. செர்ஜியோ பெல்லெக்ரினோவின் பங்கு, மெல்லிசாக மடித்து அனுப்பி மேலே போய் விரிக்கும் கட்டமைப்பு. 2023 ஜனவரியில் மாதிரியை ஏவினார்கள். மே 22ஆம் தேதி, விண்ணிலிருந்து வந்த நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) கால்டெக்கின் ஒரு கட்டட மாடியில் பிடித்தார்கள். கிடைத்தது மிகச் சிறிய அளவு, அதை மறைக்க வேண்டியதில்லை. விரியும் சட்டத்தில் ஒரு கம்பி சிக்கி, தரையிலிருந்தபடியே விடுவிக்கப் போராட வேண்டியிருந்தது. இந்தத் துறையில் தினசரி வேலையே அதுதான்.

அதிவேக ஆராய்ச்சிக்கு டி5 என்ற அதிர்வலைச் சுரங்கம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிஸ்டனை ஓடவிட்டு வாயுவை நசுக்கி, விண்கலம் வளிமண்டலத்துக்குள் நுழையும்போது இருக்கும் நிலைமையை உண்டாக்குவார்கள். சோதனை நீடிப்பது ஒன்றிரண்டு மில்லிநொடி.

இந்தியாவுக்கும் இந்தப் பள்ளிக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. சதீஷ் தவான் 1951இல் இங்கேதான் பேராசிரியர் ஹான்ஸ் லீப்மனிடம் பிஎச்.டி. முடித்தார். ஒரு பரப்பின் மேல் காற்று ஓடும்போது எவ்வளவு உராய்கிறது என்பதை அதுவரை பெரும்பாலும் மறைமுகமாகத்தான் கணக்கிட்டார்கள். தவான் சுவரில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியாகப் பிரித்து, சுற்றிலும் நூலிழை இடைவெளி விட்டு, காற்று அதை இழுக்கும் விசையை நேராக அளந்தார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, நாட்டின் முதல் ஒலிமிஞ்சு காற்றுச் சுரங்கங்களை அமைத்தார். இந்தியாவின் பாய்மவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மாவும் அதே லீப்மனிடம் 1961இல் ஆய்வு முடித்தவர்.

1971 டிசம்பரில் இஸ்ரோவின் தலைவர் விக்ரம் சாராபாய் இறந்தபோது தவான் விடுப்பில் கால்டெக்கில்தான் இருந்தார். இந்திரா காந்தியின் அழைப்பு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 1972 முதல் 1984 வரை இஸ்ரோவை நடத்தினார். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கும் ஏவுதளத்துக்கு அவர் பெயர்தான். சென்னையில் மொட்டை மாடியில் நின்று ராக்கெட் போவதைப் பார்க்கிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சீனாவின் ராக்கெட் துறைக்கு அடித்தளமிட்ட சியென் சுயெசென்னும் கார்மானின் மாணவர், மலினா குழுவில் இருந்தவர். அமெரிக்காவில் அவர்மேல் சந்தேகப்பட்டு ஐந்தாண்டு முடக்கி வைத்து, 1955இல் வெளியேற்றினார்கள்.

ராணுவப் பணம் இதில் எவ்வளவு கலந்திருக்கிறது?

ராக்கெட் ஆராய்ச்சிக்கு முதல் பெரிய தொகை தந்தது அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு. இந்தத் துறையில் படிக்கிற எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளத்தான் வேண்டும், தள்ளிப்போட முடியாது. மலினா எதிர்கொண்டார். போர் முடிந்ததும் 1947இல் யுனெஸ்கோவுக்குப் போனார், பிறகு பாரிசில் ஓவியராகவும் சிற்பியாகவும் வாழ்ந்தார். அவரைப் பலரும் மறந்துவிட்டது நியாயமில்லை.

பிளஸ் டூ முடித்து நேரடியாகச் சேரலாமா?

கால்சிட் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்குமான இடம். கால்டெக் இளங்கலை மாணவர்கள் ஏரோஸ்பேஸைத் துணைப்பாடமாக எடுக்கலாம், அவ்வளவுதான். இங்கிருந்து போவதானால் முதலில் நல்ல பி.இ. அல்லது பி.டெக். அது ஏரோவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மெக்கானிக்கல், சிவில், இயற்பியல் படித்துவிட்டும் இந்த ஆராய்ச்சிக்குள் வருகிறார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நேரியல் இயற்கணிதத்தையும் பரீட்சைக்காக இல்லாமல் நிதானமாகப் படியுங்கள். அப்புறம், ஏதாவது ஒரு ஆய்வகத்தில் கையால் ஒரு சோதனை அமைப்பைக் கட்டிப் பழகுங்கள். காற்றாலையாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோகூட இருக்கலாம்.